ரேவதி முடியும் வரை

மூன்று வருடம் ஒரே கட்டிடத்துக்குள் எனக்கு இரண்டு பெயர் இருந்தது. பகலில் சிஸ்டர். நான்கு மணிக்கு மேல் ஆயா.

மதுரையில் காளவாசல் தாண்டி இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. கீழே இரண்டு மாடியும் நோயாளிகள், அதற்கு மேலே நர்சிங் ஸ்கூல், இரண்டுக்கும் ஒரே முதலாளி. பகலில் நான் அந்த ஸ்கூலில் மாணவி. வெள்ளைச் சுடிதார், மேலே நீலக் கோட்டு, வலை போட்டு இறுக்கிய கொண்டை. வகுப்பு முடிந்ததும் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, காப்பிப்பொடிக் கலர் சேலையைச் சுற்றிக்கொண்டு அதே வார்டுக்கு வருவேன். பெட்பேன் வைப்பது, மூத்திரப் பையைக் காலி செய்வது, ஆளைப் புரட்டிப் போட்டு முதுகு துடைப்பது, வாந்தி அள்ளுவது. அதற்கான சம்பளம் என் கைக்கு வந்ததே இல்லை. அப்படியே மேல்மாடிக்கு ஃபீஸாகப் போய்விடும்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அதுதான். வகுப்பில் கூடப் படிக்கிற பிள்ளைகள் என் பக்கத்தில் உட்கார்ந்தால் பினாயில் வாசம் வருகிறது என்று முகத்தைத் திருப்புவார்கள். ஆயாமார்களோ, "படிச்ச பிள்ளை, உனக்கு எதுக்குத் தாயி இந்த வேலை, நீ ஓரமா நில்லு" என்று சொல்லிவிட்டு, நாறுகிற வேலை வந்ததும் என் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் காலையில் ஒரு ரிட்டயர்டு கிளார்க்குக்கு நான்தான் இன்சுலின் ஊசி போட்டேன். பக்கத்தில் ஸ்டாஃப் நர்ஸ் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் சேலையோடு பெட்பேன் எடுத்துக்கொண்டு போனால், அந்த மனுஷன் என்னையே உற்று உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, காலையில எனக்கு ஊசி போட்டது நீதானே?"

"ஆமா சார்."

"ஆயாவையா ஊசி போட விடுறாங்க இந்த ஆஸ்பத்திரியில?"

அன்று வார்டே கூடிவிட்டது. உடம்பு முழுக்க விஷம் ஏறிவிட்டது போலக் கையைத் தேய்த்துக்கொண்டே கத்தினார். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் வந்து அவரைச் சமாதானப்படுத்தினார். இவள் இங்கே படிக்கிற பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சேலை கட்டிட்டா தலையைக் குனிஞ்சு வேலையைப் பாரு, பேஷண்ட் மூஞ்சிக்கு நேரா வராதே" என்றார். மூஞ்சிக்கு நேராக வராமல் பெட்பேன் எப்படி வைப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எதற்காக இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்றால், திருவாதவூரில் அம்மா அடுத்தவர்கள் வயலில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார். அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். எங்கள் வம்சத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் உண்டு, போட்டவர்கள் கிடையாது. அம்மாவிடம் நான் ஆயா வேலையைப் பற்றி அலுத்துக்கொண்டால், "கழுதைக்கு வாக்கப்பட்டா ஒதைக்கு அஞ்ச முடியுமாடி, முடிச்சிட்டு வெளிய வா" என்பார். முடிப்பது ஒன்றுதான் குறி. முடித்தால் நர்ஸாகப் பதிவு கிடைக்கும், அந்தக் காப்பிப்பொடிச் சேலையை அவிழ்த்து எறிந்துவிட்டு எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். அம்மாவையும் சேற்றிலிருந்து ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

மூன்றாம் வருடம் எழுத்துப் பரீட்சை எல்லாம் முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது கடைசிப் பிராக்டிகல் மட்டும். வெளியூரிலிருந்து ஒரு எக்ஸாமினர் வருவார். வார்டில் ஒரு நோயாளியை ஒதுக்குவார்கள், அவருக்குச் செய்ய வேண்டியதை எக்ஸாமினர் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதில் தவறினால் ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்தது.

எங்கள் பேட்சைக் காலைக்குப் பாதி, மதியத்துக்குப் பாதி என்று பிரித்திருந்தார்கள். எனக்கு மதியம் இரண்டு மணி. இது தெரிந்ததும் இன்சார்ஜ் சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

"மத்தியானம்தானே உனக்கு? காலையில சும்மா உக்காந்து என்ன செய்யப்போற? டூட்டிக்கு வந்துரு."

போனேன். இஸ்திரி போட்ட யூனிஃபார்மைக் கவரில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். முந்தின நாள் காளவாசலில் இஸ்திரி வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்று மடிப்புக் கலையாமல் வாங்கிய உடுப்பு அது.

ஐ.சி.யூ.வில் பேரையூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெரியவர் கிடந்தார். மண்டைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள் வீட்டார். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். வெளியே செத்தவரை ஊருக்குள் விடமாட்டார்கள், அதனால் உயிர் இருக்கும்போதே வீட்டு வாசலைத் தாண்டிவிட வேண்டும். மிஷினைக் கழற்றிவிட்டு, தொண்டையில் இருக்கிற குழாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி, அதைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே ஆம்புலன்ஸில் கொண்டுபோவோம். வீட்டில் கட்டிலில் கிடத்தி, பிள்ளைகள் பால் ஊற்றியதும் குழாயை உருவிவிட்டுத் திரும்பிவிடுவோம்.

யாராவது ஒரு நர்ஸ் கூடப் போக வேண்டும். ஸ்டாஃப் நர்ஸ்கள் யாரும் போகமாட்டார்கள். முன்பு ஒரு ஊரில் குழாயை உருவிய நர்ஸைப் பார்த்து "நீதான் கொன்ன" என்று ஒருத்தர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அதிலிருந்து ஒருத்திக்கு முதுகுவலி, ஒருத்திக்குத் தலைசுற்றல்.

இன்சார்ஜ் சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், எனக்கு ரெண்டு மணிக்குப் பிராக்டிகல் இருக்கு."

"தெரியும். பதினோரு மணிக்கெல்லாம் ஊரு போயிருவ. எடுத்துவிட்டுட்டு உடனே வண்டி ஏறினா எக்ஸாமுக்கு முன்னாடி சாப்பிடக்கூட நேரம் இருக்கும். பிரின்சிபால் மேடம்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நான் ஆயா டூட்டியில இருக்கேனே."

"அதான் யூனிஃபார்ம் வச்சிருக்கேல்ல? மாத்திக்க. இந்தச் சேலையோட போனா அவங்க சண்டைக்கு வருவாங்க."

எனக்குச் சுரீரென்றது. மூன்று வருடமாக நான்கு மணிக்கு மேல் அந்தக் கோட்டை மாட்டக்கூடாது என்று சட்டம் போட்டவர் இவர்தான். இன்று வேண்டுமென்றதும் ஆயா நர்ஸாகிவிட்டாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். சொல்லலாம். மறுநாளிலிருந்து ஆயா வேலை இருக்காது. ஆயா வேலை இல்லையென்றால் ஃபீஸ் இல்லை, ஃபீஸ் இல்லையென்றால் ஸ்கூல் இல்லை. மாடிப்படிக்கு அடியில் போய் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு வந்தேன்.

வண்டியில் பெரியவரின் தலைமாட்டில் நான், எதிரே அவருடைய மூத்த மகன், முன்னால் டிரைவர் அண்ணன். மகனுக்கு ஐம்பது வயது இருக்கும், மானாவாரி வெள்ளாமைக்காரர், கை இரண்டும் வெடித்துக் கிடந்தன. என்னைக் கண்டதும் எழுந்து இடம்விட்டு, "உக்காருங்க சிஸ்டர்" என்றார். அவர் மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

திருமங்கலம் தாண்டியதும் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். நாடி இல்லை. இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தேன். இமையை விலக்கிப் பார்த்தேன். பெரியவர் போய்விட்டார். நான் அமுக்குகிறபோது மட்டும் மார்பு ஏறி இறங்கியது.

"அண்ணே, நாடி இல்லை" என்று மகனிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவர் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கையை எடுக்கவில்லை.

"தெரியுது சிஸ்டர். கால் சில்லுன்னு ஆயிருச்சு. நீங்க அமுக்குறதை மட்டும் விட்டுராதீக. ஊருக்குள்ள போயிரணும்."

டிரைவர் அண்ணனும் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருக்கு இது நூற்றில் ஒன்று. எனக்கும் அதில் ஒன்றும் வருத்தமில்லை. வாசலைத் தாண்டும் வரைக்கும்தானே, பெற்ற பிள்ளை ஆசைப்படுகிறார், அமுக்கிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். செத்துப்போனவரின் நெஞ்சை ஏற்றி இறக்கிக்கொண்டே கள்ளுப்பட்டி, பேரையூர் எல்லாம் தாண்டினோம். மனதுக்குள் பிராக்டிகல் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊர் எல்லையில் பங்காளிகள் நின்றார்கள். ஒருத்தர் வண்டிக்குள் தலையை விட்டு, "உசுரு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு சித்தப்பா. சிஸ்டர் கூடவே வந்திருக்காக" என்றார் மகன்.

என் கோட்டையும் கொண்டையையும் பார்த்துவிட்டு அவர் நம்பினார். நடுவீட்டில் கட்டில் போட்டிருந்தார்கள். கிடத்தினோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பால் எங்கே என்று நான் பார்த்தேன். பால் வரவில்லை. அந்தச் சித்தப்பா சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு ரேவதிடா" என்றார். "ஒரு மணி வரைக்கும் இருக்கு."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில நட்சத்திரத்தில் உயிர் போனால் அதற்கு அடைப்பு என்று பெயர். உயிர் போன வீட்டைப் பூட்டிப்போட வேண்டும், நல்ல காரியம் எதுவும் நடத்தக்கூடாது. ரேவதிக்கு ஆறு மாதம். அதைத் தாண்டி அசுவினி வந்துவிட்டால் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் மூத்த மகனுடைய பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். கருமாதி முடித்துக் கல்யாணத்தை நடத்திவிடலாம், அடைப்பு விழுந்தால் எல்லாம் போச்சு. மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே இழுபறியாம்.

மகன் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சிஸ்டர், ஒரு மணிக்கு மேல எடுங்க. அதுவரைக்கும் அமுக்கிட்டு இருங்க."

அப்போது பதினொன்றே கால் இருக்கும். ஒரு மணிக்கு மேல் கிளம்பினால், ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற மதுரைக்கு எப்போது போவது?

"அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க" என்றேன். வெளியே எங்கே போவது, பையை விட்டால் மார்பு நின்றுவிடும். குரலைத் தாழ்த்தி அங்கேயே சொன்னேன். "அப்பா போயி ரொம்ப நேரமாச்சு. உங்களுக்கே தெரியும். எனக்கு ரெண்டு மணிக்குப் பரீட்சை. நீங்களே அமுக்குங்க, கஷ்டமே இல்ல, நான் சொல்லித்தாரேன். ஒரு மணிக்கு நிப்பாட்டிட்டு, போயிட்டாருன்னு சொல்லிருங்க."

"பரீட்சையா?" அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப நீங்க நர்சு இல்லையா?"

எதிரே அந்தச் சித்தப்பா பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, நான் படிக்கிற பிள்ளை, காலையில் ஆயா என்று சொன்னால் என்ன ஆகும்? நர்ஸ் என்று ஆயாவை ஏற்றி அனுப்பிவிட்டான் ஆஸ்பத்திரிக்காரன் என்று ஊரே வண்டியைச் சூழ்ந்துகொள்ளும். ஆஸ்பத்திரி சொன்ன பொய்யை நான்தான் கட்டிக்காக்க வேண்டியிருந்தது.

"நர்சுதான். இது மேல்படிப்பு" என்றேன்.

அவருக்கு மூச்சு வந்தது. "மேல்படிப்புதானே தாயி. அதை அடுத்த தடவை எழுதிக்கலாம். எம்மகளுக்கு இந்த மாப்ள போயிட்டா இன்னொண்ணு அமையாது. நான் அமுக்குனா பங்காளிக நம்பமாட்டாக. நீங்க இருந்து மணியைச் சொன்னாத்தான் நம்புவாக." சொல்லும்போதே அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. செத்துப்போன அப்பாவுக்காக அழக்கூட அந்த ஆளுக்கு ஒரு மணி ஆக வேண்டியிருந்தது.

ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மறு கையால் இன்சார்ஜ் சிஸ்டருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அவங்க சொல்றபடி செய்" என்றார். "கம்ப்ளெயிண்ட் வந்துரக்கூடாது. எம்.டி. என்னைத்தான் கேப்பாரு."

"என் பிராக்டிகல்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். பேஷண்டைப் பாரு."

பேஷண்ட். நான் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தேன். மூக்கு வெளுத்துவிட்டது.

அதன்பிறகு ஒன்றேமுக்கால் மணி நேரம். வேலைக்காகச் சொல்லவில்லை, ரப்பர் பையை அமுக்குவது பெரிய வேலையா? விரல் மரத்துப்போகும், கையை மாற்றிக்கொள்ளலாம். உயிருள்ளவருக்கு என்றால் நாள் முழுக்கக்கூட அமுக்குவேன். ஒரு காலண்டர் தாளுக்காக அமுக்கிக்கொண்டிருக்கிறேனே என்பதுதான் என்னைத் தின்றது. பெரியவரின் தாடை கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது என் விரலுக்குத் தெரிந்தது. இந்நேரம் என் பேட்ச் பிள்ளைகள் தலை சீவிப் பின் குத்திக்கொண்டிருப்பார்கள், யாருக்கு எந்த பேஷண்ட் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஒதுக்கிய பேஷண்ட் யாரோ. பன்னிரண்டு மணி ஆனது. பன்னிரண்டரையும் ஆனது. இனி கிளம்பினாலும் போய்ச் சேரமுடியாது என்று தெரிந்த பிறகு எனக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போய், தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று வெறுமனே அமுக்கிக்கொண்டிருந்தேன்.

கல்யாணப் பெண் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயது. விசிறியால் தாத்தாவுக்கு வீசியது, நடுநடுவே எனக்கும் வீசியது. திடீரென்று என் காதருகே கேட்டது.

"அக்கா, இப்படி அமுக்குனா தாத்தாவுக்கு வலிக்குமா?"

அந்த வீட்டில் பெரியவரைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அதுதான்.

"வலிக்காதும்மா" என்றேன். அந்தப் பெண்ணின் மேல் கோபப்பட முடியவில்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. யாராவது ஒருத்தர் கெட்டவராக இருந்திருந்தால் பையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்திருப்பேன்.

ஒரு மணி அடித்தது. நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார், கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு பத்து நிமிசம் போகட்டும். ரேவதி ஓரத்துல நிக்க வேணாம்."

பத்து நிமிடம் போனது. பால் வந்தது. மகன் ஊற்றினார், பேத்தி ஊற்றியது, ஒவ்வொருவராக ஊற்றினார்கள். கடைவாய் வழியாக எல்லாம் தலையணைக்குத்தான் போனது. குழாயை உருவினேன். சித்தப்பா எழுந்து நின்று, "மணியைச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

"ஒண்ணு பத்து" என்றேன்.

"அசுவினி" என்றார் அவர், எல்லோரையும் திரும்பிப் பார்த்து. அதற்கப்புறம்தான் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். காலையிலிருந்து அடக்கிவைத்த அழுகை, கூரையே அதிர்ந்தது. மகன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்க வீட்டுக் குலசாமி மாதிரி வந்தீக சிஸ்டர். சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றார்.

டிரைவர் அண்ணன் நல்ல மனுஷன். விஷயத்தைக் கேட்டதும், "ஏறு தாயி" என்று சைரனைப் போட்டுவிட்டார். போகும்போது செத்தவரை வைத்துக்கொண்டு மெதுவாகப் போனோம். வரும்போது உள்ளே யாருமே இல்லை, நான் மட்டும் ரப்பர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ரோட்டில் பஸ்ஸெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது. காளவாசலில் மட்டும் யாராலும் ஒதுங்க முடியவில்லை, அங்கேயே அரை மணி போய்விட்டது. சிக்னலில் நின்ற ஒரு அம்மா எங்கள் வண்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஸ்கூல் மாடிக்கு ஓடும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று மதியப் பிள்ளைகளை முடித்துவிட்டு, ஊர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எக்ஸாமினர் கிளம்பிவிட்டார்.

பிரின்சிபால் மேடம் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மிஷன் ஆஸ்பத்திரிகளில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர், ஜெபம் செய்யாமல் வகுப்பு தொடங்கமாட்டார், ஒரு நிமிடம் பிந்தினால் உள்ளே விடமாட்டார்.

"மூணு தடவை உன் பேரைக் கூப்பிட்டேன்மா. எங்க போன?"

"இன்சார்ஜ் சிஸ்டர் உங்ககிட்டச் சொல்றேன்னாங்க மேடம்."

"என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே."

நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் எப்படிம்மா மேல எழுத முடியும்? ஸ்டூடண்டை நர்ஸுன்னு சொல்லி ஆம்புலன்ஸ்ல அனுப்பினோம்னு எழுதினா ஸ்கூலையே மூடச் சொல்லுவாங்க. உனக்குப் பின்னாடி இருக்கிற பிள்ளைங்க என்ன ஆகும்? ஆப்சென்ட்னு போட்டிருக்கேன். ஆண்டவர் உனக்கு இதுல ஒரு நோக்கம் வச்சிருப்பாரு."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆண்டவருக்கு வேற ஆளே கிடைக்கலையா மேடம்?" என்று கேட்டுவிட்டேன்.

கீழே இன்சார்ஜ் சிஸ்டர் மருந்து டிராலியில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார். "நான் என்ன கையைக் கட்டியா அனுப்பினேன்? முடியாதுன்னு நீ கண்டிஷனா சொல்லியிருக்கணும்." பிறகு, "யூனிஃபார்மைக் கழட்டிட்டு வா, அஞ்சாம் பெட்டுல புரட்டிப் போடணும்" என்றார்.

மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "விடுடி. ஒரு பொம்பளப் பிள்ளை கல்யாணம் உன்னால நிக்காமப் போச்சு. புண்ணியம்டி அது." புண்ணியத்தை எக்ஸாமினரிடம் காட்ட முடியுமா என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். சேற்றில் நிற்கிறவரிடம் போய்க் கத்தினேன் பாருங்கள், கத்த வேண்டியவர்கள் எல்லாம் மேலே ஃபேனுக்கு அடியில் இருந்தார்கள்.

ஆறு மாதம். அந்த வீட்டுக்கு விழவேண்டிய அடைப்பு கணக்குத் தவறாமல் என் தலையில் விழுந்தது. கூடப் படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக சென்னை, கோயம்புத்தூர் என்று வேலைக்குப் போனார்கள். இரண்டு பேர் அதே வார்டுக்கு ஸ்டாஃப் நர்ஸாக வந்தார்கள். நான் சேலையிலேயே இருந்தேன். படிப்பு முடிந்துவிட்டது என்று பகலிலும் எனக்கு ஆயா டூட்டி போட்டார்கள். "ஏய், இந்த பெட்பேனை எடு" என்று, மூன்று வருடம் என் நோட்டைப் பார்த்து எழுதிய ஒருத்தி சொன்னாள். எடுத்தேன். இப்போது நானும் பாஸாகிப் பதிவு வாங்கி வேறு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், அது வேறு. அந்த ஆறு மாதத்தை எவரும் எனக்குத் திருப்பித் தரவில்லை.

ஆடி கடைசியில் ஒரு நாள் வார்டு வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூத்த மகன் வந்தார். வெள்ளை வேட்டி சட்டை, மஞ்சள் பையில் கல்யாணப் பத்திரிகைகள். டாக்டருக்குக் கொடுத்தார், இன்சார்ஜ் சிஸ்டருக்குக் கொடுத்தார். பிறகு என்னைக் கடந்து போகப் பார்த்தவர், ஈரத்தில் கால் வைக்கத் தயங்கி நின்றார்.

"ஏம்மா, எங்கப்பாவை ஊருக்குக் கொண்டாந்த சிஸ்டர் ஒருத்தங்க இருந்தாங்களே, சின்ன வயசு, இப்ப டூட்டியில இருக்காங்களா? அவங்களுக்குத்தான் முக்கியமாப் பத்திரிகை வைக்கணும்."

நான் நிமிர்ந்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவருக்கு நேரே நின்றேன்.

"நான்தாண்ணே அது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார், பக்கெட்டைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"விளையாடாதம்மா. அவுக நர்சு."

பத்திரிகையை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, ஈரம் படாமல் சுவரோரமாக நடந்து அவர் லிஃப்ட் பக்கம் போனார்.